ஊர்ச் சங்கத்துக்கும் பாடசாலைக்கும் சிறு நிதியுதவி: யாழ்ப்பாணத்தில் யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது

சனசமூக நிலையத்தின் பொதுக்கூட்டத்தில் புதிதாகச் செயலாளராகத் தெரிவாகியிருக்கிறீர்கள். அல்லது பிள்ளையின் பாடசாலையில் அபிவிருத்திச் சங்கப் பொறுப்பு ஒன்று உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. வாசிகசாலைக் கூரை ஒழுகுகிறது, பாடசாலைக்குத் தண்ணீர்க் குழாய் போதாது, விளையாட்டுக் கழகத்துக்கு வலை இல்லை. "எங்கேயாவது எழுதிப் போட்டுக் காசு எடுக்கலாம்தானே" என்று எல்லோரும் உங்களையே பார்க்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய தொகைகளைக் கொடுக்க விரும்புகிறவர்கள் நம் மாவட்டத்துக்கு உள்ளும் வெளியும் உண்டு. அந்தத் தொகையைப் பெற்றுக்கொள்ளத் தயாரான நிலையில் இருக்கும் சங்கங்கள்தான் குறைவு. பதிவு புதுப்பிக்கப்படவில்லை, வங்கிக் கணக்கில் முன்னைய பொருளாளரின் கையொப்பமே இருக்கிறது, காணி உறுதி யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. விண்ணப்பம் கோரி அறிவித்தல் வந்த பிறகு இவற்றைத் தேடப் போனால் முடிவுத் திகதி கடந்துவிடும். ஆகவே பணத்தைத் தேடுவதற்கு முன்பே வேலை தொடங்குகிறது.

முதல் படி: உங்கள் சங்கம் எங்கே பதிவு பெற்றது என்று பாருங்கள்

யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. உள்ளூராட்சி மன்றங்கள் 17: யாழ்ப்பாண மாநகர சபை, சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை ஆகிய 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் வேறு வேறு என்பது புதியவர்களுக்கு முதலில் குழப்பமாக இருக்கும். முன்னையது அரச நிர்வாகம். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, கீழே வருவது. பின்னையது மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை. கடிதத்தைத் தவறான இடத்துக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது வீண்.

சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் உள்ளூராட்சிப் பக்கத்தைச் சேர்ந்தவை. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. அதற்குரிய உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருப்பார். விளையாட்டுக் கழகம் என்றால் விளையாட்டு உத்தியோகத்தர், கலை மன்றம் என்றால் கலாசார உத்தியோகத்தர், இளைஞர் கழகம் என்றால் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் உத்தியோகத்தர். அறநெறிப் பாடசாலைக்கு இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம். கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருபவை. அவர்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போக வேண்டும்.

எந்தப் பதிவும் இல்லாத குழுவாக இருந்தால் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) இருந்து தொடங்குங்கள். அவருடைய சிபாரிசு இல்லாமல் பிரதேச செயலகத்தில் எதுவும் நகராது. வெளிநாட்டில் இருந்து நேரடியாகப் பணம் வரப் போகிறது என்றால், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழான பதிவு தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பணம் வந்து வங்கியில் நிற்கும்போது இந்தக் கேள்வி எழுந்தால் அலைச்சல் பெரிது.

அரச பாடசாலைகளுக்குப் பாதை வேறு. அங்கே அதிபரே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர். பணம் சங்கத்தின் கணக்குக்கே வர வேண்டும். அதிபரின் பெயரிலோ ஆசிரியர் ஒருவரின் பெயரிலோ வரக் கூடாது. பாடசாலை வளவுக்குள் ஒரு கல் வைப்பதானாலும் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி வேண்டும். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று மாவட்டத்தில் 5 வலயங்கள். தேசிய பாடசாலை என்றால் மத்திய கல்வி அமைச்சின் அனுமதியும் சம்பந்தப்படும். கொடையாளர் ஆசையோடு வந்து அத்திவாரம் வெட்டிய பிறகு "அனுமதிக் கடிதம் எங்கே" என்ற கேள்வி வருவது எல்லோருக்கும் மனக் கசப்பு.

இரண்டாம் படி: ஒரே கோவைக்குள் எல்லாக் கடதாசியும்

ஒரு தடித்த கோவை வாங்குங்கள். அதற்குள் இருக்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழும் கடைசியாகப் புதுப்பித்த கடிதமும், யாப்பு, வருகைக் கையொப்பங்களுடன் கூடிய கடந்த பொதுக்கூட்டத்தின் கூட்டறிக்கை, நடப்பு நிர்வாக சபையின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கமும் கடைசி ஆறு மாதப் பக்கங்களும், கடந்த இரண்டு ஆண்டுகளின் கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கறிக்கை, காணி உறுதியின் பிரதி. ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் தெளிவாகப் படம் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

கணக்காய்வுக்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. ஊரில் ஓய்வு பெற்ற வங்கி அலுவலரோ கணக்காளரோ கட்டாயம் ஒருவர் இருப்பார். நிர்வாகத்தில் இல்லாத அவரைப் பொதுக்கூட்டத்தில் கணக்காய்வாளராகத் தெரிவு செய்து, காசேட்டையும் பற்றுச்சீட்டுகளையும் கொடுத்துக் கையொப்பம் வாங்கினால் சிறு தொகைகளுக்குப் பெரும்பாலும் அது போதும். வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பம் இருப்பது அவசியம். அந்த இருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது. யாப்பில் அப்படி எழுதப்படாவிட்டாலும் இதைக் கடைப்பிடியுங்கள். ஊரில் பேச்சு எழாது.

காணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் கட்டுமானத்துக்கான விண்ணப்பங்கள் இதில்தான் அதிகம் சிக்குகின்றன. நம் வாசிகசாலைகள் பல, யாரோ ஒரு பெரியவர் மனமுவந்து கொடுத்த இரண்டு பரப்புக் காணியிலோ கோயில் காணியின் ஓரத்திலோ நிற்கின்றன. வாய்ச் சொல்லாகக் கொடுத்தவர் காலமாகியிருப்பார்; பிள்ளைகள் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார்கள். கொடையாளரின் முதற் கேள்வி: கட்டடம் நிற்கும் காணி யாருடையது? உறுதி சங்கத்தின் பெயரில் இல்லை என்றால் கட்டடத்துக்குப் பணம் கேட்பதை ஒத்திவைத்துவிட்டு முதலில் நொத்தாரிசிடம் போங்கள். உரித்தாளர்கள் இருக்கும்போதே, அவர்களுக்குள் ஒற்றுமை இருக்கும்போதே, நன்கொடை உறுதி எழுதிப் பதிவு செய்வதற்கு இணையான சேவை ஒரு செயலாளருக்கு வேறில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் அற்றோணித் தத்துவம் (தமக்காகக் கையொப்பம் இடும் அதிகாரப் பத்திரம்) கொடுத்து இங்குள்ளவர் மூலம் கையொப்பம் இடலாம். கோயில் காணி என்றால் தர்மகர்த்தா சபையின் எழுத்து மூலமான நீண்ட காலக் குத்தகையாவது வேண்டும்.

1995 இடப்பெயர்விலும், வலிகாமம் வடக்கில் 1990இல் தொடங்கிய இடப்பெயர்விலும் கடதாசிகளை இழந்த சங்கங்கள் ஏராளம். உறுதி தொலைந்தால் காணி தொலைந்ததாகாது. உறுதி இலக்கமோ, பழைய உரிமையாளரின் பெயரோ, காணியின் பெயரோ தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி எடுக்கலாம். பழைய சங்கப் பதிவேடுகளுக்கும் அப்படித்தான்: எந்த ஆண்டில் பதிவு என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு திணைக்களத்தில் தேடச் சொல்லுங்கள்.

காணி தீரும் வரை சும்மா இருக்கத் தேவையில்லை. புத்தகம், அலுமாரி, கதிரை, இசைக் கருவி, விளையாட்டு உபகரணம் போன்ற அசையும் பொருள்களுக்கு உறுதி கேட்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: ஒரே ஒரு தேவை

நிர்வாகக் கூட்டத்தில் "என்ன வேண்டும்" என்று கேட்டால் கூரை, கணினி, மதில், ஒலிபெருக்கி, குடிநீர், மேடை என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்தால் வாசிப்பவருக்கு எதுவும் மனதில் நிற்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லாததால் யார், எந்த நேரத்தில், எப்படிக் கஷ்டப்படுகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். எண்ணுவது என்றால் உண்மையாகவே நின்று எண்ணுவது.

ஆரம்பப் பாடசாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். "எமது பாடசாலையில் நீர் வசதி போதாமையால் மாணவர்கள் பெரும் சிரமத்துக்கு உள்ளாகின்றனர்" என்று எழுதுவது வழக்கம். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "பாடசாலையில் 96 பிள்ளைகள் கற்கிறார்கள். குழாய்கள் 2. இடைவேளை 20 நிமிடம். ஒரு பிள்ளை கை கழுவ அரை நிமிடம் எடுத்தாலும் எல்லோரும் கழுவி முடிக்க 24 நிமிடம் வேண்டும். அதனால் பின்வரிசைப் பிள்ளைகள் கை கழுவாமலே சாப்பிடுகிறார்கள். இன்னும் 4 குழாய்கள் பொருத்தினால் 8 நிமிடத்தில் எல்லோரும் கழுவிவிடலாம்." கேட்பது நாலு குழாயும் ஒரு தொட்டியும் கழிவுநீர் போகும் வாய்க்காலும். படிப்பவர் கண்ணை மூடினால் அந்த வரிசை தெரியும். எத்தனை குழாய், ஏன் அத்தனை என்ற கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது.

வாசிகசாலைக்கும் இதே முறைதான். மாலையில் எத்தனை பேர் வருகிறார்கள், அவர்களில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவர்கள் எத்தனை பேர், இருட்டிய பின் எத்தனை மின்குமிழ் எரிகிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்தால் உங்கள் விண்ணப்பத்துக்கு வேறு அலங்காரம் தேவைப்படாது.

கொடையாளருக்குப் பிடித்தமான தலைப்பு என்பதற்காக உங்களுக்குத் தேவையில்லாத ஒன்றைக் கேட்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பயிற்சி கொடுக்க ஆள் இல்லாத ஊரில் கணினிகள் உறை போட்டபடி இருக்கும்; பராமரிக்க வருமானம் இல்லாத சங்கத்தில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வடிகட்டி மாற்றப்படாமல் நின்றுபோகும். நம் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக வருவதால் இயந்திரங்களில் படிவு சேர்வது விரைவு; அதைக் கழற்றித் துப்புரவாக்க வருடாந்தச் செலவு உண்டு. அந்தச் செலவை யார் தருவார் என்பதற்குப் பதில் கிடைக்கும் வரை அத்தகைய பொருளைக் கேட்க வேண்டாம்.

நான்காம் படி: எந்தக் கதவைத் தட்டுவது

மிக அருகில் இருப்பது உள்ளூராட்சி மன்றம். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்தின் உறுப்பினரிடமும் தவிசாளரிடமும் கடிதம் கொடுக்கலாம். ஒழுங்கை விளக்கு, மதவு, வாசிகசாலைப் பத்திரிகைகள், சிறுவர் பூங்கா போன்றவை அவர்களின் எல்லைக்குள் வருபவை. பிரதேச செயலகத்தில் திட்டமிடல் கிளை இருக்கிறது. அங்குள்ள உதவிப் பணிப்பாளரிடம் உங்கள் தேவையைப் பதிந்துவிட்டால், ஏதாவது ஒதுக்கீடு வரும்போது பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும். பாராளுமன்ற உறுப்பினர்களுக்குப் பன்முகப்படுத்தப்பட்ட நிதி ஒதுக்கப்படும் ஆண்டுகளில் அதுவும் பிரதேச செயலகத்தின் ஊடாகவே செலவாகிறது. வட மாகாண சபையின் பதவிக் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு மாகாண சபை உறுப்பினர் என்று யாரும் இல்லை. மாகாண நிதிக்கு அமைச்சின் செயலாளர்களையும் திணைக்களப் பணிப்பாளர்களையும்தான் அணுக வேண்டும்.

கொழும்பில் உள்ள தூதரகங்கள் அடுத்தவை. யப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு நன்கொடைத் திட்டம் 1989இல் தொடங்கியது. கட்டடம், கிணறு, உபகரணம் போன்ற கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்குத் தருவது. சம்பளம், மின்கட்டணம் போன்ற நடைமுறைச் செலவுகளுக்குத் தராது. அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்துக்கு நேரடி உதவித் திட்டம் என்று ஒன்றும், கனடாவுக்கு உள்ளூர் முன்முயற்சி நிதியம் என்று ஒன்றும் உண்டு. இவை விண்ணப்பங்களைக் குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் ஏற்கும். அவர்களின் முகநூல் பக்கத்தையும் இணையத்தளத்தையும் மாதம் ஒரு தடவை பார்ப்பதற்குச் சங்கத்தில் ஓர் இளைஞரையோ யுவதியையோ பொறுப்பாக்குங்கள்.

சுற்றாடல் சார்ந்த வேலை என்றால் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் நடத்தும் உலகச் சுற்றாடல் வசதியின் சிறு நன்கொடைத் திட்டத்தைப் பாருங்கள். 1992இல் தொடங்கிய அது சமூக அமைப்புகளுக்கென்றே உருவானது. ஒரு திட்டத்துக்கான உச்ச வரம்பு நீண்ட காலம் 50,000 அமெரிக்க டொலராக இருந்தது. உச்சத்தைக் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. களப்புக் கரையில் கண்டல் நடுவது, குளம் தூர்வாருவது, பனை விதை நாட்டிப் பராமரிப்பது, கிணற்று நீரில் உரக் கலப்பைக் குறைக்கும் பயிர்ச்செய்கை ஆகியவை நம் மாவட்டத்தில் இதற்குப் பொருந்தும். உங்கள் பங்களிப்பு எவ்வளவு என்று கேட்பார்கள். சிரமதானத்தில் வரும் ஆட்களின் நாட்கூலியையும், தரும் பொருளையும், மண்டபத்தையும் மதிப்பிட்டுக் காட்டலாம்.

றோட்டரிக் கழகங்களும் லயன்ஸ் கழகங்களும் மாவட்டத்தில் இயங்குகின்றன. றோட்டரியின் உலகளாவிய மானியம் என்பது மொத்தம் 30,000 டொலருக்குக் குறையாத திட்டங்களுக்கானது. ஊர்ச் சங்கத்துக்கு அது அளவில் பெரிது. கழகம் தன் சொந்த நிதியிலோ சிறு மானியத்திலோ செய்யக்கூடியதைக் கேளுங்கள். வங்கிகளுக்குச் சமூகப் பொறுப்பு நிதி உண்டு. கிளை முகாமையாளர் ஊடாகப் போகும் கடிதம் தலைமையகத்துக்கு நேரே போகும் கடிதத்தைவிட வலுவானது, சங்கத்தின் கணக்கும் அதே கிளையில் இருந்தால் இன்னும் நல்லது.

இனி, யாழ்ப்பாணத்துக்கே உரிய பெரிய கதவு: புலம்பெயர்ந்த பழைய மாணவர்களும் ஊர்ச் சங்கங்களும். விண்ணப்பப் படிவம் இல்லை என்பதால் இது இலகு என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனில் உள்ள பழைய மாணவர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் கணக்குக் காட்ட வேண்டும். இராப்போசனம் நடத்திச் சேர்த்த பணம் அது. தூதரகத்துக்கு எழுதுவதைப் போலவே அவர்களுக்கும் தேவை, மதிப்பீடு, அனுமதிக் கடிதம், முடிவறிக்கை எல்லாம் கொடுங்கள். தாய் தந்தையின் பெயரில் ஒரு கட்டடம் எழுப்ப வேண்டும் என்று பலர் விரும்புவார்கள். அந்த அன்பு மதிக்கத்தக்கது. ஆனால் பாடசாலைக்குத் தேவை வேறொன்றாக இருந்தால் பணிவாக அதைச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. ஞாபகார்த்த நிதி ஒன்றை நிலையான வைப்பில் இட்டு, வட்டியில் ஆண்டுதோறும் ஆய்வுகூட இரசாயனப் பொருள்கள் வாங்குவதற்கோ, வசதி குறைந்த பிள்ளைக்குப் பேருந்துப் பருவச்சீட்டு எடுப்பதற்கோ ஏற்பாடு செய்தால் அந்தப் பெயர் ஒவ்வோர் ஆண்டும் பாடசாலையில் ஒலிக்கும். அதற்கு முன்பே, பணம் கொடுத்தவரின் விருப்பத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய மாணவர் பலம் நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கே அதிகம். தீவகத்திலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் உள்ள சிறிய பாடசாலைகளுக்கு அத்தகைய கரங்கள் குறைவு. நீங்கள் அப்படிப்பட்ட பாடசாலையைச் சேர்ந்தவர் என்றால், கொடையாளரிடம் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். நியாயமான காரணம் அது.

ஐந்தாம் படி: கூறுவிலையும் வரவு செலவும்

மூன்று கடைகளில் கூறுவிலை வாங்க வேண்டும் என்பது ஏறத்தாழ எல்லா இடத்திலும் உள்ள விதி. கடையின் தலைப்புக் கடதாசியில், சங்கத்தின் பெயருக்கு, திகதியுடனும் முத்திரையுடனும், எத்தனை நாளுக்குச் செல்லுபடியாகும் என்ற குறிப்புடனும் இருக்க வேண்டும். மூன்றிலும் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கடை பலகை அலுமாரிக்கும் இன்னொரு கடை இரும்பு அலுமாரிக்கும் விலை எழுதியிருந்தால் ஒப்பிட முடியாது. விண்ணப்பம் திரும்பி வரும். ஆகவே பொருளின் அளவையும் தரத்தையும் நீங்களே ஒரு தாளில் எழுதி மூன்று கடைக்கும் அதே தாளைக் கொடுங்கள். ஒரே கடைக்காரரிடம் மூன்று கடதாசியையும் வாங்கிக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. செய்யாதீர்கள். அது ஏமாற்று, ஒருமுறை தெரிந்துவிட்டால் ஊரின் பெயரே கெடும்.

பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். கூறுவிலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். சேராத விலையைப் போட்டுவிட்டால் பற்றாக்குறை உங்கள் தலையில். கட்டுமானம் என்றால் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கொண்டு மதிப்பீடு எடுப்பது பாதுகாப்பு. சீமெந்து, கம்பி விலைகள் அசையும் என்பதால் எதிர்பாராச் செலவுக்கு ஒரு சிறு வீதம் சேர்க்கலாமா என்று கொடையாளரிடம் முன்பே கேளுங்கள்.

போக்குவரத்தை மறப்பது வழமை. நெடுந்தீவுப் பாடசாலைக்கு மேசை கதிரை போவதானால் யாழ்ப்பாணத்தில் இருந்து குறிகட்டுவான் வரை லொறி, துறைமுகத்தில் இறக்கிப் படகில் ஏற்றும் கூலி, படகுக் கட்டணம், அந்தப் பக்கத்தில் மீண்டும் இறக்கு கூலி, அங்கிருந்து உழவு இயந்திரம். ஒவ்வொன்றும் தனித் தனி வரியாக வரவு செலவில் இருக்க வேண்டும். தீவுக்கு வந்து பார்க்காத ஒருவருக்கு அந்த வரிகளே நிலைமையை விளக்கிவிடும்.

ஆறாம் படி: காலம் பார்த்துக் கேளுங்கள்

அரச நிதியாண்டு ஜனவரி 1 தொடக்கம் டிசம்பர் 31 வரை. உள்ளூராட்சி மன்றங்களின் வரவு செலவுத் திட்டம் டிசம்பரில் நிறைவேறும். ஆகவே உங்கள் கடிதம் செப்டெம்பர், ஒக்டோபரிலேயே போய்ச் சேர வேண்டும். ஜனவரியில் கேட்பவருக்கு "அடுத்த வருடம் பார்ப்போம்" என்ற பதில்தான் கிடைக்கும். ஒதுக்கீடு கிடைத்த பின் வேலையை ஆண்டு முடிவதற்குள் முடிக்காவிட்டால் பணம் திரும்பிப் போகக் கூடும். நமக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை கொட்டும். கூரை வேலை, கிணற்று வேலை, மைதானம் நிரவுதல் எல்லாம் செப்டெம்பருக்குள் முடிய வேண்டும் என்று கணக்கிட்டே வேலைத் திட்டம் எழுதுங்கள். பாடசாலை வேலை என்றால் தவணை விடுமுறையைக் குறியுங்கள். பரீட்சை நிலையமாக இயங்கும் பாடசாலை என்றால் அந்த வாரங்களை விலக்குங்கள்.

ஏழாம் படி: எழுதுதல்

அரச அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதுங்கள். அது உங்கள் உரிமை. தூதரகப் படிவங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அப்போதும் முதலில் தமிழில் எழுதி, நிர்வாக சபையில் வாசித்து, எல்லோரும் ஒப்புக்கொண்ட பின் ஆங்கில ஆசிரியர் ஒருவரின் உதவியோடு மாற்றுங்கள். நேரே ஆங்கிலத்தில் எழுதினால் எழுதியவருக்கு மட்டுமே திட்டம் விளங்கும். கள ஆய்வுக்கு வருபவர் தலைவரிடம் கேள்வி கேட்டால் தலைவர் செயலாளரைத் தேடுவார்.

பெண்களின் பங்கு என்ன என்று பெரும்பாலான படிவங்கள் கேட்கும். பெயருக்கு இரண்டு பெண்களைச் சேர்த்து எழுதாமல், தீர்மானிக்கும் கூட்டத்துக்கே அவர்களை அழையுங்கள். மலசலகூடத்துக்கு எங்கே கதவு வைப்பது, பூட்டு எப்படி இருக்க வேண்டும் என்பது போன்றவை அவர்கள் இல்லாத கூட்டத்தில் சரியாகத் தீர்மானிக்கப்படுவதில்லை.

"நான் எழுதி எடுத்துத் தருகிறேன், பத்து வீதம் தாருங்கள்" என்று வருபவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். இங்கே சொன்ன எதற்கும் தரகர் தேவையில்லை. கிடைத்த பணத்தில் இருந்து அப்படி ஒரு தொகையைக் கொடுத்தால் கணக்கில் காட்டவும் முடியாது.

பணம் வந்த பிறகு

இந்தத் திட்டத்துக்கென்று காசேட்டில் தனிப் பக்கம் தொடங்குங்கள். எல்லாக் கொடுப்பனவும் காசோலையில். காசாகக் கொடுக்க வேண்டிய நாட்கூலிக்கு பெயரும் திகதியும் கையொப்பமும் உள்ள பற்றுச்சீட்டு. வேலைக்கு முன், இடையில், முடிந்த பின் ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். பொருளைக் கடையில் இருந்து எடுக்கும்போது கூறுவிலையில் எழுதிய அளவும் தரமும்தானா என்று இருவர் பார்த்துக் கையொப்பம் இடட்டும். விலை குறைந்து பணம் மிஞ்சினால், கேட்காமல் வேறு எதையும் வாங்காதீர்கள். ஒரு கடிதம் எழுதி அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

பிள்ளைகளின் படங்கள் பற்றி ஒரு வேண்டுகோள். கொப்பியும் சப்பாத்தும் கொடுக்கும்போது பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, கொடுப்பவரின் முகத்தைப் பார்க்கச் செய்து எடுக்கும் படங்களை நிறுத்துவோம். அந்தப் பிள்ளை நாளை பெரிய பிள்ளையாகி அந்தப் படத்தை முகநூலில் காணும். புதிய குழாயில் கை கழுவும் கைகளையோ, நூல்கள் நிறைந்த அலுமாரியையோ காட்டினாலே கொடையாளருக்குத் தேவையான சான்று கிடைத்துவிடும். பிள்ளையின் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்.

கணக்கை ஊருக்கும் காட்டுங்கள். வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டினால் அடுத்த சிரமதானத்துக்கு ஆள் வருவார்கள். நிர்வாகம் மாறும்போது கோவையைக் கையொப்பம் வாங்கிக் கையளிப்பதும், வங்கியில் கையொப்பங்களை உடனே மாற்றுவதும் பொதுக்கூட்டக் கூட்டறிக்கையில் தீர்மானமாகப் பதிய வேண்டியவை.

மறுக்கப்பட்டால்

ஒரு கடிதமோ மின்னஞ்சலோ எழுதிக் காரணத்தைக் கேளுங்கள். சிலர் சொல்வார்கள், அந்தக் காரணத்தைத் திருத்திக்கொண்டு, கூறுவிலைகளைப் புதுப்பித்து, அடுத்த சுற்றிலோ வேறொருவரிடமோ போடுங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு இடங்களில் விண்ணப்பிப்பதானால் இரண்டு பேருக்கும் அதைத் தெரிவியுங்கள். இரண்டும் கிடைத்துவிட்டால் ஒன்றை மறுக்க நேரும். தெரிவித்திருந்தால் சங்கடம் இல்லை.

அரச நிதி எப்படிப் பகிரப்பட்டது என்று அறிய விரும்பினால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. இந்த ஆண்டு சனசமூக நிலையங்களுக்கோ விளையாட்டுக் கழகங்களுக்கோ எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எந்த அடிப்படையில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். சண்டைக்காகக் கேட்காமல், தெரிவு அடிப்படையைத் தெரிந்துகொண்டு அடுத்த ஆண்டு அதற்கேற்ப விண்ணப்பிப்பதற்காகக் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதற்காக, கடிதம் கொடுத்த அன்றே திகதி முத்திரையுடன் ஏற்புச் சீட்டு ஒன்றை வாங்கிக் கோவையில் வையுங்கள்.